இருபத்தேழாம் எண் குழாய்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் என்னுடைய ரத்தமும் ஐந்து மில்லி இருக்கிறது. உவமையாகச் சொல்லவில்லை. போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜப்பானில் நான் இருக்கும் ஊரான மிக்கபியின் பழக் கூட்டுறவுச் சங்கக் கூடத்தில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன். என் குழாயில் பதினான்கு என்று ஒட்டினார்கள். மொத்தம் நாற்பது பேர் கொடுத்தோம். எல்லோரும் கமலா ஆரஞ்சு பறிப்பவர்கள், தரம் பிரிப்பவர்கள், பெட்டி கட்டுபவர்கள். நான் பெட்டி கட்டுகிறவர்களில் சேர்த்தி.

நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று கேட்டிருந்தது. ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டும், கணையப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. தரம் பிரிக்கும் நிலையத்தின் தலைவர் மொரிஷிதா இசாவோ, இரண்டே நாளில் ஆள் சேர்த்துவிட்டார். அவர் மனைவி ஃபுசாயேயும் வரிசையில் நின்றார். அவர் குழாய்க்கு எண் இருபத்தேழு.

ஆனால் கதை எங்களுடையது இல்லை. ரத்தம் எடுத்துப் போன ஹிகுமா அசாமியுடையது. முப்பத்தெட்டு வயது, நாலு வருஷமாக ஒரே ஆராய்ச்சி. அவளும் ஃபுசாயேயும் இதை என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். பெயர்களை மாற்றிவிட்டேன், எண்களையும். பதினான்கை மட்டும் மாற்றவில்லை, அது என்னுடையது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். பெட்டி கட்டிப் பழகிய கை, எதையும் வரிசையாக வைக்காவிட்டால் ஓடாது. ஆகவே மூன்றையும் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: ஒளி பொய் சொல்லாது என்று ஹிகுமா அசாமி நம்பியிருந்தாள்.

[அடித்துவிட்டேன். ஒளி கடைசிவரை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. நாம் என்ன கேட்டோம் என்பது நமக்கே தெரியாமல் போனதுதான் கதை. முதல் வரியிலேயே அதைப் போட்டு உடைப்பானேன்.]

இரண்டாம் தொடக்கம்: வெள்ளி உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, எலுமிச்சைப் புளிப்பிலிருந்து எடுத்த உப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த சாம்பலாகும். அந்தச் சாம்பல் நீரின் ஒரு சொட்டில் கோடிக்கணக்கான வெள்ளித் துகள்கள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம், அவ்வளவு சின்னது. ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதோடு சேர்த்து, பச்சை ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு மூலக்கூறும் தன்மேல் விழுந்த ஒளியில் ஒரு துளியை நிறம் மாற்றித் திருப்பி அனுப்பும். சாதாரணமாக அது முணுமுணுப்பு. வெள்ளித் துகளை ஒட்டி நிற்கும் மூலக்கூறுக்கு மட்டும் குரல் பல லட்சம் மடங்கு பெரிதாகும். கருவி அந்தக் குரல்களை ஒரு மலைத்தொடர் போலக் காகிதத்தில் வரையும். புற்றுநோய் இருக்கும் ரத்தத்துக்கு ஒரு மலைத்தொடர், இல்லாத ரத்தத்துக்கு வேறொன்று. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால், வயிற்றைக் கிழிக்காமல், ஒரு சொட்டில், காலத்தோடு

[இங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு மனுஷரும் வரவில்லை. ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது, அதனால் கிழிக்காமல் விட்டிருக்கிறேன்.]

மூன்றாவதுதான் நிற்கிறது. அடுத்த பகுதியில் ஆரம்பிக்கிறது.

3

பிப்ரவரி முதல் வாரம் கணக்கு முடிந்தது. நோயாளிகள் நாற்பது பேர், நாங்கள் நாற்பது பேர். கருவியும் கணினியுமாகச் சேர்ந்து எண்பது குழாய்களையும் இரண்டு கும்பலாகப் பிரித்தன. நோயாளிகள் நாற்பது பேரும் இடது பக்கம். நாங்கள் முப்பத்தொன்பது பேர் வலது பக்கம். இருபத்தேழு மட்டும் இடது பக்கம், நோயாளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

எண்பதுக்கு எழுபத்தொன்பது. இந்தத் துறையில் இப்படி வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அசாமியின் வேலை ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. மார்ச் பத்தாம் தேதி மதிப்பீட்டுக் குழு உட்காரும். ஒன்பது பேர். சரி என்றால் ஆராய்ச்சி இன்னும் ஐந்து வருஷம் நடக்கும், அவளும் இருப்பாள். வேண்டாம் என்றால் கருவிக்கு உறை போட்டுவிட்டு, அவள் வேறு ஊரில் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அவளுடைய பேராசிரியர் தெராதா. அறுபத்து மூன்று வயது. எல்லோரும் 'சென்செய்', அதாவது ஆசான், என்பார்கள். அவர் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்று தப்பினதும் நல்லதுக்குத்தான், நூற்றுக்கு நூறு வந்திருந்தால் எவனும் நம்பமாட்டான் என்றாராம். அசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சென்செய், அது தப்பு இல்லைன்னா?"

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

கருவி சொல்வது சரி என்றால், மிக்கபியில் ஒருவருக்குக் கணையத்தில் புற்று இருக்கிறது, அவருக்கே தெரியாமல். தப்பு என்றால், ஏன் தப்பு என்று தெரியாமல் பத்தாம் தேதி குழுவின் முன் போய் நிற்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் இருபத்தேழைப் போய்ப் பார்க்காமல் தீராது. 'சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்லவும்' என்ற கட்டத்தில் நாற்பது பேருமே குறி போட்டுக் கொடுத்திருந்தோம். ஆஸ்பத்திரி டாக்டர் வழியாகத் தகவல் போயிற்று. மறுவாரம் இசாவோ, பழம் ஏற்றும் சின்ன லாரியில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

4

[இந்த இடத்தில் அசாமியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் படியில் அவளைக் கல் மாதிரி எழுதியிருந்தேன். வெள்ளை அங்கி, குறைந்த பேச்சு. அவள் மொழியில் படித்துக் காட்டினபோது அவள் சொன்னாள்: "அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக் கடையில மூணு பால் ரொட்டி தின்னேன். பயந்தா எனக்குப் பசிக்கும். அதைப் போடுங்க." போட்டுவிட்டேன்.]

பரிசோதனைகள் இரண்டு நாள் நடந்தன. அசாமிக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, ஆனாலும் போனாள். இரண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, கணையம் சுத்தம், ஈரல் சுத்தம், இந்த வயசுக்கு இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை என்றார். ஃபுசாயே அவருக்கு மூன்று முறை தலை குனிந்து வணங்கிவிட்டு, அசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே போய்க் காப்பி குடிக்கலாம், வாங்கித் தருவது நான்தான் என்று இழுத்துப் போனார்.

கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார்கள். ஃபுசாயே இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தார். அசாமி அந்தக் கைகளையே பார்த்தாள்.

குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ளங்கை மஞ்சளாக இருக்கும். நாளைக்குப் பத்து, பதினைந்து கமலா தின்றால் அப்படித்தான் ஆகும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, குளிர்காலத்தில் மூச்சில் புகை வருவதைப் பேசாத மாதிரி. ஆய்வுக்கூடத்திலும் ஒரு பெட்டி எப்போதும் திறந்தே இருக்கும், இசாவோ அனுப்பினது. அசாமியின் உள்ளங்கையும் மஞ்சள்தான்.

ஃபுசாயேயின் உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

அசாமி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சும்மா ஒரு கணக்குக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தாள். போன மாதம் என்னென்ன சாப்பிட்டீர்கள்? சோறு, மீன், முள்ளங்கி, முட்டைக்கோஸ். பழம்?

ஃபுசாயே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"அவர் லாரியிலதானே இருக்காரு?"

"ஆமா. வாசல்ல."

"நான் கமலா சாப்பிடறதில்லை."

"இந்த வருஷமா?"

"முப்பத்தாறு வருஷமா."

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம், மூத்தவன் வயிற்றில். வீடு முழுக்க, துணி முழுக்க, தலைமுடி முழுக்க அந்த வாசனை. மாமியார் ஆசையாக உரித்து உரித்துக் கொடுத்தார். ஒரு நாள் ஃபுசாயே கிணற்றடியில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அதோடு சரி. ஆனால் தரம் பிரிக்கும் நிலையத்துக்காரரின் பெண்டாட்டி, கமலா பிடிக்காது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

"அப்ப வீட்டுல தர்றதை என்ன பண்ணுவீங்க?"

"அவரு எதிர்ல உரிப்பேன். ஒரு சுளை வாயில வைக்கிற மாதிரி வச்சு, எழுந்து போயிடுவேன். கொல்லையில மரக்கிளையில செருகி வச்சா பறவைங்க தின்னுடும். எங்க வீட்டுப் பறவைங்க பறக்கவே கஷ்டப்படுது, பாத்தீங்களா?"

அசாமி முதலில் சிரித்தாள். ஃபுசாயேயும் சிரித்தார். இரண்டு நாள் பயந்த பயமெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அப்புறம் அசாமியின் சிரிப்பு மட்டும் நின்றது.

[ஃபுசாயேயிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எந்த எழுத்தில் எழுதப் போகிறாய், காட்டு என்றார். தமிழ் எழுத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை நம் சங்கத்தில் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள், எழுது என்றார்.]

5

ஏன் சிரிப்பு நின்றது என்று சொல்லிவிடுகிறேன். வாசகருக்குப் புதிர் போடுவது எனக்குப் பிடிக்காது.

அந்த மலைத்தொடரில் இரண்டு சிகரங்கள் உண்டு. பழத்துக்கு மஞ்சள் நிறம் தருகிற சத்து, ரத்தத்தில் கலந்து, பச்சை ஒளி பட்டால் உரக்கக் கத்தும். அது தெராதா சென்செய்க்கும் தெரியும், அசாமிக்கும் தெரியும். நோயாளிகளிடம் அந்தச் சிகரங்கள் குட்டை, எங்களிடம் உயரம். புற்றுநோய் அந்தச் சத்தைத் தின்றுவிடுகிறது என்று அவர்கள் விளக்கம் எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.*

நோயாளிகளின் ரத்தம், கமலா கிடைக்காத ஜூனிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் எடுத்து உறையவைத்தது. எங்கள் ரத்தம் ஜனவரியில், பழக் கூட்டுறவுச் சங்கத்துக் கூடத்தில் எடுத்தது. கை வெளுத்தவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் அன்றைக்கே தோன்றியிருக்கும். எல்லோர் கையும் மஞ்சளாக இருக்கிற ஊரில் மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியும்?

அசாமி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். போன ஆகஸ்ட்டில் கருவியைச் சரிபார்க்க, அங்கே வேலை செய்கிற ஆறு பேரும் தங்கள் ரத்தத்தையே கொடுத்திருந்தார்கள். அது இன்னும் உறைபெட்டியில் இருந்தது. புதிதாக வெள்ளி காய்ச்சினாள். ஆறு குழாய்களையும் ஓட்டினாள்.

ஆறும் இடது பக்கம் போய் விழுந்தன.

தெராதா சென்செய் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். நோயாளிகளுக்கு நட்ட நடுவில் இருந்தது.

"அப்போ எனக்கும் புற்றா?"

"நம்ம ஆறு பேருக்கும், சென்செய்."

"பரவாயில்லை, துணைக்கு ஆள் இருக்கு" என்றவர், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நாலு வருஷமாக உலகத்திலேயே விலை கூடிய ஆரஞ்சு கண்டுபிடிக்கும் கருவியைச் செய்திருக்கிறோம் என்றார். அறிக்கையில் முதல் பெயர் உன்னுடையது, என்ன செய்வதென்று நீயே சொல், நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னார்.

என்னவெல்லாம் செய்யலாம் என்று அசாமி யோசித்தாள். இருபத்தேழாம் குழாய் உடைந்துவிட்டது என்று ஒரு வரி. அவ்வளவுதான். எண்பது எழுபத்தொன்பதாகும், எழுபத்தொன்பதும் சரியாகும். ஆறு குழாய்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அதற்கடுத்த வருஷம் ஒரு ஆஸ்பத்திரி இந்தக் கருவியை வாங்கும். கோடையில் போகிறவர்களுக்கெல்லாம் புற்றுநோய் என்று சொல்லும். குளிர்காலத்தில் பழம் தின்றுவிட்டுப் போகிற நோயாளிக்கு, ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ என்று

[இந்த வாக்கியத்தை நான் முடிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். அவள் சொல்லும்போதே இங்கேதான் நிறுத்தினாள்.]

அந்த இரண்டு சிகரங்களையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்து எண்பது குழாய்களையும் மறுபடி பிரித்துப் பார்த்தாள். ஐம்பத்தேழு சரி. காசைச் சுண்டிப் போட்டால் நாற்பது சரியாகும். அதைவிடப் பதினேழு அதிகம். கொஞ்சம்தான், ஆனால் அந்தப் பதினேழில் பழம் இல்லை.

* எனக்குக்கூட நன்றாக இருந்தது. பிப்ரவரியில் ஆய்வுக்கூடம் எங்களுக்கு அனுப்பிய நன்றித் தாளில் இதைப் படித்துவிட்டு, அன்றைக்கு இரண்டு பழம் கூடுதலாகத் தின்றேன்.

6

ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை அறிக்கையில் போட, தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எண் மட்டும்தான் வரும், பெயர் வராது. ஆனாலும் வேண்டும். அசாமி அந்தத் தாளோடு மிக்கபிக்குப் போனாள். ஃபுசாயே தனியாக இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் போனாள். கதவைத் திறந்தது இசாவோ.

உள்ளே வரச் சொல்லி, தேநீர் வைத்து, ஒரு கூடை கமலாவை அவள் முன்னால் தள்ளி, அவர் கேட்டார்.

"என் சம்சாரத்துக்கிட்ட அந்த மெஷினு அப்படி என்னத்தைத்தான் கண்டுச்சு, சென்செய்?"

ஊர்க்காரர்களுக்கு அசாமியும் சென்செய்தான். அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. குழாயில் ஏதோ கோளாறு. பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபுசாயே அவள் முகத்தைப் பார்த்தார். இதை ஃபுசாயேதான் எனக்குச் சொன்னார்: அந்தப் பெண் இங்கே ஒன்று சொல்லிவிட்டால் அங்கே அறிக்கையிலும் அதையேதான் சொல்ல வேண்டி வரும் என்று எனக்குப் பட்டது, என் கமலாவுக்காக அவள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"நான் கமலா சாப்பிடறதில்லைங்க" என்றார் புருஷனிடம். "அதான் மெஷினு கண்டுச்சு. முப்பத்தாறு வருஷமா நீங்க காணாததை."

இனி இசாவோ. இவருக்கு மூன்று பதில் எழுதினேன்.

(அ) எனக்கு அது எப்பவோ தெரியும் என்றார் இசாவோ, மெதுவாக. [இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அசாமி கேட்டுவிட்டு, ரொம்பத் தித்திப்பு, நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள். எடுத்துவிட்டேன்.]

(ஆ) இசாவோ எழுந்து வெளியே போனார். லாரி கிளம்பும் சத்தம் [இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கதைக்காக ஒரு நல்ல மனுஷரை லாரியில் ஏற்றி அனுப்புவது பாவம்.]

(இ) உண்மையில் நடந்தது. இசாவோ கூடையையே பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஏதோ கணக்கு இடிக்கிற முகம்.

"இரு. வருஷா வருஷம், எந்த மலைச்சரிவுப் பழம் இனிப்புன்னு உன்னைக் கேட்டுத்தானே போட்டிக்கு அனுப்பறேன்?"

"ஆமா."

"நீ சாப்பிட்டுப் பாத்துத்தானே சொன்னே?"

"இல்ல."

"பின்ன?"

"எல்லாச் சரிவுலேர்ந்தும் ஒண்ணொண்ணு எடுத்துக் கிளையில செருகி வைப்பேன். பறவைங்க எதை முதல்ல முடிக்குதோ, அது."

இசாவோ அசாமியைப் பார்த்தார். அந்த முறையில் அவர்கள் இரண்டு தடவை இரண்டாம் பரிசும் ஒரு தடவை முதல் பரிசும் வாங்கியிருந்தார்கள். சான்றிதழ்கள் அவள் தலைக்கு மேலேயே சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன.

"பறவைதான் நடுவர்னு சங்கத்துக்குத் தெரிஞ்சா என்னை வச்சு ஓட்டுவானுங்க" என்றார். "சென்செய், அந்தத் தாள்ல பறவை விஷயம் வருமா?"

வராது என்றாள் அசாமி. ஃபுசாயே எங்கே கையெழுத்து என்று கேட்டார். போட்டார். இசாவோ, எதற்கும் இருக்கட்டும் என்று, சாட்சியாகத் தானும் போட்டார். அதற்குத் தாளில் இடமே இல்லை, ஓரத்தில் போட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மட்டும் மனைவியைக் கேட்டாராம்: அப்போ உனக்குப் பிடித்த பழம்தான் எது? பேரிக்காய் என்றார் ஃபுசாயே. மறுநாள் சின்ன லாரி பேரிக்காய் தேடிப் போயிற்று. பிப்ரவரியில் எங்கே கிடைக்கும்? இனிப்புப் பாகில் போட்ட டப்பாக்களோடு திரும்பி வந்தது.

7

இப்போது மார்ச் பத்து. முடிவு எழுத வேண்டிய இடம்.

அசாமி குழுவின் முன் இருபது நிமிஷம் பேசினாள். முதல் படத்திலேயே எழுபத்தொன்பது என்று போட்டு, இரண்டாவது படத்தில் அது ஏன் தப்பு என்று போட்டாள். ஜூன், ஜனவரி. பழம். வெள்ளைக் கையோடு ஒரு இருபத்தேழு. அவளையும் தெராதா சென்செய்யையும் சேர்த்து ஆறு ஆகஸ்ட் குழாய்கள். அந்த இடத்தில் குழுவில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கடைசிப் படத்தில் ஐம்பத்தேழு. அதன் கீழே, இனி இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒரே பருவத்தில் எடுப்போம், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்போம், இந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் அப்படியே சொல்வோம் என்று மூன்று வரி. வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

குழு கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. எனவே இனி வருவது என் கற்பனை, நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சொல்கிறார்கள்: ஐம்பத்தேழுக்கு யார் ஐந்து வருஷம் கொடுப்பார்கள்? இதைவிட நல்ல எண்ணோடு வெளியே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அது நியாயம். நான்கு பேர் சொல்கிறார்கள்: அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் தன் ரத்தத்தையே ஓட்டிப் பார்த்தார்கள்? இந்தப் புற்றைக் காலத்தோடு கண்டுபிடிப்பதே அபூர்வம், சுத்தமான பதினேழு ஒரு தொடக்கம். அதுவும் நியாயம்.

ஒன்பதாவது நாற்காலியில் நான் யாரையும் உட்காரவைக்கவில்லை. மூன்று பேரை எழுதிப் பார்த்தேன். மூவரும் நான் சொல்லிக் கொடுத்ததையே சொன்னார்கள். எனக்கு அசாமியைப் பிடிக்கும், எனவே நான் நடுவர் இல்லை. உங்களுக்கு அவளைத் தெரியாது. இரண்டு எண்களும் தெரியும், எப்படி ஒன்று இன்னொன்றாக ஆனது என்றும் தெரியும். குழுவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். நாற்காலி உங்களுக்கு. முன்னால் ஒரு தாள், தொடரலாம் என்று ஒரு கட்டம், நிறுத்தலாம் என்று ஒரு கட்டம்.

அவசரம் வேண்டாம். வெளியே நடைவழியில், சுவரோரம் போட்ட நீள நாற்காலியில், அசாமி காலணியைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவளின் தூக்கம். ஜன்னல் வழியாக வெயில் அவள் முழங்கால்வரை வந்திருக்கிறது. நீங்கள் எதில் குறி போட்டாலும், போய் எழுப்புவதற்குமுன் அவள் இன்னும் ஒரு பத்து நிமிஷம் தூங்கட்டும்.